பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் தெரிந்த பதில்

1. வாய் கோணி, ஒரு கை விழுந்து போய் ஒரு பாட்டியைக் கொண்டு வருவாங்க. எங்க முதல் கேள்வி: "கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?"

2. ஓசூருக்கு ஷிப்ட் போன மகனுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும்: "ஏழு மணிக்கு வேப்பம்பூ பொறுக்கிட்டு இருந்தாங்க சார்."

3. அந்த ஒரு வரியை வச்சுத்தான் சிகிச்சையே. மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போடணும். நேரம் தெரியலைன்னா ஊசி போடத் தயங்குவோம்.

4. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வருது. அதைப் பாட்டி தினமும் போட்டாங்களான்னு யார் பார்ப்பாங்க?

5. யுகாதிக்குத் தெலுங்கு, கன்னட வீட்டு ஒப்பட்டு தமிழ் வீட்டுக்கு வரும். சித்திரைக்கு மாங்காய்ப் பச்சடி திரும்பிப் போகும். தட்டு கொடுக்கற சாக்குல ஆளையும் பார்த்துட்டு வருவோம். காம்பவுண்ட் சுவர் உயர்ந்தாலும் இந்தப் பழக்கத்தை விட்டுடாதீங்க.

6. வெளியூர்ல வேலை பார்க்கறவங்க, பக்கத்து வீட்டு நம்பரை இன்னைக்கே வாங்கி வைங்க. வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல், இதுல ஒன்னு தெரிஞ்சாலும் மணியைப் பார்த்துட்டு உடனே 108. வாயில தண்ணிகூட ஊத்தாதீங்க.