கூழாங்கல்லும் நீலக் கதிரும்

"கதையில் போய் கணக்குப் பார்க்கலாமா?" என்று கேட்கிறவர்கள் நம்மிடையே அதிகம். நட்ட பத்தாம் நாள் கதிர் அறுக்கிற கிராமத்துக் கதையை இதே ஆட்கள் இரண்டாவது பத்தியில் தூக்கி எறிவார்கள். வானத்துக் கல் என்றால் மட்டும் கற்பனைக்குச் சலுகை. இன்னொரு கோஷ்டி, வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். பிழைகளை எண்ணுவார்கள்; எண்ணி முடித்ததும் திருப்தியாகிவிடுவார்கள். பிழை எங்கிருந்து வருகிறது என்று இரு சாராரும் கேட்பதில்லை.

1968 அக்டோபர் 4ஆம் தேதி அமெரிக்க டெலிவிஷனில் வந்த 'ஸ்டார் டிரெக்' அத்தியாயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: 'தி பாரடைஸ் சின்ட்ரோம்'. எழுதியவர் மார்கரெட் ஆர்மென். ஒரு கிரகத்தை நோக்கி, ஏறக்குறைய நம் சந்திரன் அளவுள்ள குறுங்கோள் வருகிறது. அதைத் திருப்ப விண்கலம் கிளம்ப வேண்டும். தாமதித்தால் திருப்ப வேண்டிய கோணம் பெரிதாகிவிடும் என்று ஸ்பாக் இரண்டு கற்களை வைத்து டாக்டருக்கு விளக்குகிறார்.

நல்ல இடம் இது. தொலைவில் கொடுத்த சிறு தள்ளல் காலத்தோடு வளர்ந்து பெரிய விலகலாகும். விஷயத்தின் இயற்பியல் முழுக்க அந்த இரண்டு கற்களில் இருக்கிறது. ஆனால் ஆசிரியருக்கே அதில் நம்பிக்கையில்லை. மோதலுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அரைமணிக்குள் கிளம்பாவிட்டால் எல்லாம் போச்சு என்கிறார்கள். போட்டுப் பாருங்கள். பூமியைப் போன்ற கிரகத்தின் ஆரம் 6,400 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் 59 நாளில் விலக, கிரகத்தின் ஈர்ப்பை ஒதுக்கிவிட்டால், வினாடிக்கு ஒன்றேகால் மீட்டர் பக்கவாட்டு வேகம் போதும். அரைமணி தாமதத்தால் அது கூடுவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்தப் பதற்றம் கல்லிலிருந்து வரவில்லை, விளம்பர இடைவேளையிலிருந்து வருகிறது.

கல்லின் நிறைதான் உண்மையான இடைஞ்சல். குறுங்கோள் பட்டையிலுள்ள அத்தனையையும் ஒன்றாகப் பிசைந்தாலும் சந்திரனில் 3 சதவீதம்தான் தேறும். அவ்வளவு பெரிய பொருள் தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்கும். திரையில் வருவதோ முண்டும் முடிச்சுமான பாறை. அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும் என்று சப்பைக்கட்டு வேண்டாம். 1967இல் எம்.ஐ.டி. மாணவர்கள், இக்காரஸ் என்ற ஒன்றிரண்டு கிலோமீட்டர் கல் பூமியில் மோதுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு, ஆறு சாட்டர்ன்-5 ராக்கெட்டும் ஒவ்வொன்றிலும் 100 மெகாடன் குண்டும் கேட்டார்கள்.

விண்கலம் தோற்றுத் திரும்புகிறது. கடைசியில், கல் தலைக்குமேல் வந்துவிட்டபிறகு, பழைய தூண் ஒன்றிலிருந்து நீலக் கதிர் பாய்ந்து அதைத் திருப்பிவிடுகிறது. ஒரு மணி நேரம் மிச்சமிருந்தது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் வினாடிக்கு 1.8 கிலோமீட்டர் தள்ளல் வேண்டும், அதுவும் ஒரு சந்திரனுக்கு. அப்படி உரசிப்போகிற சந்திரன் கடலையும் நிலத்தையும் சும்மா விடாது. இங்கே பலத்த காற்றடிக்கிறது, அவ்வளவே.

புராணத்தில் மலையைத் தூக்கவில்லையா என்பார் நண்பர். தூக்கலாம். புராணம் முதலில் கூழாங்கல் வைத்துப் பாடம் நடத்துவதில்லை. தானே விதித்த நியதியைத் தானே மறந்த படைப்பை வடிவ ரீதியாகவும் பொய் என்றுதான் சொல்ல வேண்டும். இயற்பியல் வாத்தியாரைச் சாட்சிக்குக் கூப்பிடத் தேவையில்லை.

இந்த மறதி கல்லோடு நிற்கவில்லை. அந்தக் கிரகத்து மக்கள் செவ்விந்தியர்கள். நவஹோ, மொஹிக்கன், டெலவேர் மூன்றும் கலந்தவர்களாம். தென்மேற்குப் பாலைநிலத்து நவஹோவும் கிழக்குக் காட்டுநிலத்து மற்ற இருவரும் ஒரே கூடாரத்தில். நினைவு தப்பிய கப்பல் தலைவனைக் கடவுளென்று கும்பிடுவது அவர்கள் வேலை. எந்தப் பாறையும் ஒரே பாறை என்கிற மனம்தான் எந்தப் பழங்குடியும் ஒரே பழங்குடி என்கிறது. இதைக் காணாமல் சத்தம் கேட்டதா, கேட்கவில்லையா என்று எண்ணிக்கொண்டிருப்பது விமர்சனமல்ல.

சரியாகச் சொன்னால் நாடகம் போய்விடும் என்பது அடுத்த வாதம். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் கலம், ஏறத்தாழ 160 மீட்டர் அகலமுள்ள டிமார்ஃபஸ் மீது வினாடிக்கு ஆறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் மோதியது. உள்ளே யாருமில்லை. நெருங்க நெருங்க கல் திரையில் வளர்ந்தது. கடைசிப் படத்தில் ஒரு துண்டுதான் பூமிக்கு வந்தது, மீதியை அனுப்பக் கலம் இல்லை. கல் நகர்ந்ததா என்று அந்த இரவில் எவருக்கும் தெரியாது. தொலைநோக்கிகளில் பார்த்துப் பார்த்து, அது தன் பெரிய துணையைச் சுற்றும் நேரம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து 32 நிமிடம் குறைந்துவிட்டது என்று சொல்ல இரண்டு வாரம் பிடித்தது. மோதியதைவிட, மோதலில் பின்னோக்கித் தெறித்த தூளின் உதைப்புதான் கல்லை அதிகம் தள்ளியிருந்தது.

அந்த இரண்டு வாரத்தை யாராவது எழுதட்டும்.