ஹீட் முள் ஏறவே இல்லையா? லாரி ‘கூலா’ ஓடுவது நல்ல செய்தி அல்ல!

லாரி இன்ஜின் ஹீட் ஆனால் எல்லோரும் பதறுவார்கள். வண்டியை ஓரங்கட்டி, கேபினைத் தூக்கி, தண்ணீர் தேடி ஓடுவார்கள். ஆனால் ஹீட் முள் ஏறவே இல்லை என்றால்? ‘வண்டி கூலாத்தானே ஓடுது, விடுண்ணே’ என்று கிளம்பிவிடுவதுதான் வழக்கம். சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் மக்காச்சோளமும் மரவள்ளிக்கிழங்கும் ஏற்றிப் போகும் சின்னசேலம் பகுதி லாரிகளுக்கும் இது பொருந்தும். அந்த ‘விடுண்ணே’தான் பின்னால் பெரிய செலவாக வந்து நிற்கிறது.

எவ்வளவு சூடு சரியான சூடு?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. அதனால் இன்ஜினுக்குச் சூடு எதிரி அல்ல, தேவை. பெரும்பாலான லாரிகளில் கூலன்ட் சுமார் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால்தான் இன்ஜின் சரியாக வேலை செய்யும். இதைக் காப்பாற்றுவது தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வு. அதற்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும்.

சூடு குறைந்தால் என்ன கெட்டுவிடும்?

முதலில் மைலேஜ் போகும். சரியாக எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். இன்ஜின் ஆயில் நீர்த்துப்போகும், ரிங்கும் லைனரும் சீக்கிரம் தேயும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் சிக்கல் இன்னும் அதிகம். புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளவும், யூரியா கரைசல் வேலை செய்யவும் புகைக்குழாயில் போதுமான சூடு வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஃபில்டர் அடைக்கும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், வண்டியின் இழுவை குறையும்.

எங்கே கோளாறு? கண்டுபிடிப்பது எப்படி?

உண்மையிலேயே இன்ஜின் சூடாகவில்லையா, அல்லது மீட்டர் பொய் சொல்கிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்த உதிரிபாகத்தையும் மாற்றக் கூடாது.

முதல் வேலை, இன்ஜின் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பார்ப்பது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அளவு குறைந்திருந்தால் சென்சார் கூலன்ட்டில் நனையாமல் காற்றில் நிற்கும். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும், முள்ளோ கீழேயே கிடக்கும். இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். ‘கூலா ஓடுது’ என்று நம்பிப் போகிற வண்டி ஹெட் கேஸ்கெட் போய் நடுவழியில் நின்றுவிடலாம்.

அடுத்தது, காலைச் சோதனை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஸ்கேனர் போட்டால், கூலன்ட் சூடும் வெளிக்காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சென்சார் ஒயர் அறுந்திருக்கும் அல்லது கனெக்டர் கழன்றிருக்கும். கனரக வண்டிகளில் எஸ்பிஎன் 110 என்று வரும் கோடு கூலன்ட் சூட்டைப் பற்றியது.

கம்ப்யூட்டர் இல்லாத பழைய ஒற்றை ஒயர் வண்டிகளில் இன்னொரு எளிய வழி உண்டு. சாவியைப் போட்டு, சென்சார் ஒயரைக் கழற்றி ஒரு நொடி பாடியில் தொட்டால் முள் மேலே ஏற வேண்டும். ஏறினால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, சென்சாரைச் சந்தேகப்படலாம். ஈசியு உள்ள வண்டிகளில் இதைச் செய்யக் கூடாது.

மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது என்றால், தெர்மோஸ்டாட்டுக்கு வர வேண்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொஞ்ச நேரம் குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெதுவாகச் சூடேறினால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. கழற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டால், அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரிக்குப் பக்கத்தில் திறக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். அதுவும் சரியென்றால், ஃபேன் கிளட்ச் இறுகி எந்நேரமும் முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போதோ, நீண்ட நேரம் ஐடிலில் நிற்கும்போதோ முள் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அப்போது எரியும் டீசல் குறைவு. சமவெளியில் லோடோடு ஓடும்போதும் முள் ஏறவில்லை என்றால்தான் கோளாறு.

‘கழட்டிப் போடுங்க’ என்பது தீர்வா?

நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று கழற்றி வீசும் பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. வெளியில் 40 டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்குத் தேவை அதைவிட இரண்டு மடங்கு என்பதை இந்தப் பழக்கம் மறந்துவிடுகிறது. அதோடு, பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியையும் மூடும். அதை எடுத்துவிட்டால் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பும். ஏற்றத்தில் லோடு இழுக்கும்போது, எதற்குப் பயந்து கழற்றினோமோ அதே ஹீட் வந்து சேரும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றுவதும் இதே ரகம்தான். அதன் உப்பு சென்சார் மீது படிந்தால் சூட்டை அது சரியாக உணராது.

பழியை மெக்கானிக் தலையில் மட்டும் போடுவது நியாயமல்ல. லோடு நேரத்துக்குப் போய்ச் சேரணும், வண்டி உடனே கிளம்பணும் என்ற நெருக்கடியில் அவருக்குச் சோதித்துப் பார்க்க நேரமே கொடுக்கப்படுவதில்லை. ஆனால் தவணை கட்டி வண்டி ஓட்டும் ஓனர் கம் டிரைவருக்கு ஒரு இன்ஜின் வேலை என்பது பல மாத வருமானம். அதோடு ஒப்பிட்டால் புது தெர்மோஸ்டாட் சின்னச் செலவு. ஸ்கேனர் பார்க்கும் கூலியையும், சோதிக்க ஆகும் அரை நாளையும் வீண் செலவாக நினைக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.