தண்டோரா நின்றது, தகவலும் நின்றதா?

ஆனைமலை வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் ஆகஸ்ட் 15 கிராம சபை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. வளவில் குடியிருக்கும் ஒரு பாட்டி நம்மிடம் கேட்டார்: "வீட்டுப் பட்டியல் படிச்சாங்களாமா கண்ணு, நம்ம பேரு இருந்துச்சுங்களா?" கூட்டம் நடந்ததே அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. அலுவலகத்தில் போய்க் கேட்டோம். "வாட்ஸ்அப் குரூப்புல போட்டாச்சுங்களே, பாக்கலீங்களா?" என்றார்கள். அந்தக் குரூப்பில் நம் தெருவிலிருந்து எத்தனை பேர் என்று விசாரித்தால் மூன்று பேர். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார். இன்னொருவரின் போனுக்கு ரீசார்ஜ் முடிந்து மாதம் ஒன்றாகிறது.

இது சின்ன விஷயம் அல்ல. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். அதற்கான பயனாளிகள் பட்டியல் கிராம சபையின் முன் வைக்கப்படுகிறது. பட்டியலைப் படிக்கும்போது எழுந்து நின்று "ஓட்டு வீடு ஒழுகுதுங்க, எங்க பேரு எங்கே?" என்று கேட்க நம் ஆள் அங்கே இல்லை என்றால், கேள்வியே இல்லாமல் தீர்மானம் நிறைவேறிவிடும். சுடுகாட்டுப் பாதையும் தெருவிளக்கும் இப்படியே அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போகும்.

முன்பெல்லாம் சேதி எப்படி வந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். தண்டோரா. கூட்டமா, வரி பாக்கியா, ஆற்றில் வெள்ளமா, எதுவானாலும் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சொன்னது நம் ஆட்கள். ஊர்த் தெருவில் செருப்பில்லாமல் நின்று அடித்தவர்களும் உண்டு. கூலிக்கு அலுவலக வாசலில் காத்துக் கிடந்ததும் உண்டு. சாதி பார்த்துக் கொடுக்கப்பட்ட வேலை அது. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும், மீறுவோர் மீது கடும் நடவடிக்கை என்றது அக்கடிதம். நாம் அதைக் கொண்டாடினோம். இன்றும் அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. பறை நம் கலையாக மேடையில் இருக்கட்டும். அலுவலகத்துக்கு அடிமைத் தொழிலாக இருக்க வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்டோரா போட்டவர் குடியிருந்தது வளவில். அதனால் ஊருக்குச் சேதி போகும் முன்பே அது நம் வீட்டுத் திண்ணைக்கு வந்திருந்தது. பறை போனதோடு ஒலிபெருக்கி வண்டி வந்திருந்தால் கணக்கு சரி. பல இடங்களில் வண்டியும் வரவில்லை, வாட்ஸ்அப் குரூப் வந்தது. இப்போது சேதி கடைசியாக நமக்கு வருகிறது, சில நேரம் வருவதே இல்லை.

வாட்ஸ்அப் குரூப் என்பது பொதுச் சாவடி மாதிரித் தெரிகிறது. உண்மையில் அது அட்மினின் வீட்டுத் திண்ணை. யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது, யார் பேசலாம் என்பதெல்லாம் அவர் கையில். அட்மின் மட்டுமே பதிவிட முடியும் என்று வைத்துவிட்டால் குடிநீர் வரவில்லை என்று ஒரு வரிகூட எழுத முடியாது. அதற்கு மேல் நம் பெண்களின் நிலை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் பாதிக்கும் குறைவு. தென்னந்தோப்பில் தேங்காய் பொறுக்கப் போகும் அக்காவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. ஸ்மார்ட்போன் இருக்கும் வீட்டிலும் அது மகனோடு கல்லூரிக்குப் போய்விடுகிறது.

நம் மாவட்ட ஊராட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அதற்கு முன் நம் தெருவில் ஒரு வார்டு உறுப்பினராவது இருந்தார், கதவைத் தட்டிக் கேட்கலாம். தனி அலுவலரின் கதவு எங்கே இருக்கிறது?

போன் நமக்கு எதிரி என்று சொல்ல வரவில்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியே வந்தது. மற்ற உறுப்பினர்கள் பலரும் நாற்காலியில். அந்த ஒரு படம் போன்களில் பரவிய பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. கூட்டம் நடந்ததோ ஜூலையில். மனு போட்டு நடந்திருந்தால் எத்தனை ஆண்டு ஆகியிருக்கும் என்று நமக்குத் தெரியும்.

எனவே கேட்க வேண்டியது இதுதான்: வாட்ஸ்அப்பும் வேண்டும், அதை நம்பி மற்றதைக் கைவிடவும் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு, அலுவலகங்கள் தாமாகவே தகவலைப் பரப்ப வேண்டும் என்கிறது. அந்தந்தப் பகுதியில் எந்த வழி நன்றாகப் போய்ச் சேருமோ அதையும், உள்ளூர் மொழியையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம் என்று வழிகளையும் சொல்கிறது. இணையம் அதில் ஒன்று மட்டுமே. குரூப்பில் போட்டாச்சு என்பது சட்டப்படி முழுப் பதில் ஆகாது.

தனியார் ஒருவரின் எண்ணில் ஓடும் குரூப்புக்குப் பதிலாக அலுவலகத்தின் சொந்த எண்ணில் வாட்ஸ்அப் சேனல் தொடங்கச் சொல்லலாம். சேனலில் யாரும் யாரையும் சேர்க்க வேண்டியதில்லை, இணைப்பைத் தொட்டால் சேர்ந்துவிடலாம். பின்தொடர்பவரின் எண் அடுத்தவருக்குத் தெரியாது. ஊர் ஆண்கள் கண்ணில் தன் எண் படுமே என்று தயங்கும் நம் பெண்களுக்கு இது பெரிய நிம்மதி. சேனலில் பதில் எழுத முடியாது என்பது குறைதான். புகாருக்குத் தனி எண் கொடுக்கட்டும். எழுத்தோடு குரல் பதிவும் போடட்டும், படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்பார். ஒலிபெருக்கி ஆட்டோ நம் தெருவின் கடைசி வீடு வரை வரட்டும். ரோட்டிலேயே திரும்பிப் போகும் வண்டி நமக்கு வேண்டாம்.

கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினக் கிராம சபைக்கு முன் இந்தக் கோரிக்கையை ஒரு பக்க மனுவாக எழுதுங்கள். தெருவில் உள்ள பெரியவர்களிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளுங்கள். மனுவைக் கொடுத்து ரசீது வாங்குவதோடு திரும்பிவிட வேண்டாம். கூட்டத்தில் எழுந்து படித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று அவரே கேட்கட்டும்.