அறுப்பு மெஷின் டிரைவரை மாத்தினா நெல்லு வெளையுமா?

கழனி, மாடு, மழைன்னு எழுதிக்கிட்டு இருக்கிறவன் கால்பந்துல எதுக்கு மூக்கை நுழைக்கிறான்னு சிலர் கேப்பீங்க. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் பயிர் வைக்கிறவனுக்கு எண்ணூரும் திருவொற்றியூரும் ராயபுரமும் தூரம் இல்லீங்க. எங்க கத்தரிக்கா மூட்டை போற அதே ரோட்லதான் எங்க ஊர்ப் பசங்க பந்தாடப் போறாங்க, அப்புறம் கன்டெய்னர் யார்டுக்கு வேலைக்கும் போறாங்க. அந்த உரிமையில சொல்றேன்: இந்திய அணிக்கு யார் கோச்சுன்னு நீங்க போட்டுக்கிட்டு இருக்கிற சண்டை வெட்டிச் சண்டை.

நடந்ததை வரிசையா பாப்போம். 2024 ஜூன்ல குரோஷியாக்காரர் இகோர் ஸ்டிமாச்சை அனுப்பினாங்க. ஜூலையில ஸ்பெயின்காரர் மனோலோ மார்கெஸ் வந்தார். எஃப்சி கோவாவுக்கும் அவர்தான் கோச், நாட்டு அணிக்கும் அவர்தான் கோச். ஒரே ஆள் ரெண்டு கழனிக்குத் தண்ணி கட்டினா எந்த மடை ஒழுங்கா அடையும்? எட்டு ஆட்டத்துல ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சுது. ஓய்வு வாங்கிட்டுப் போன சுனில் சேத்ரியை 40 வயசுல திரும்பக் கூப்பிட வேண்டியதாப் போச்சு. 2025 ஜூலையில மார்கெஸும் கிளம்பிட்டார்.

அப்புறம் விண்ணப்பம் கேட்டாங்க. பார்சிலோனா சாவியே விண்ணப்பம் போட்டிருக்கார்னு ஒரு செய்தி வந்துச்சு பாருங்க, ரெண்டு நாள் ரசிகர்களுக்குத் தூக்கமே இல்ல. அது உண்மையான விண்ணப்பமே இல்லைன்னு அகில இந்திய கால்பந்து சம்மேளனமே பிறகு சொல்லிடுச்சு. ஆகஸ்ட் 1-ம் தேதி காலித் ஜமீலை நியமிச்சாங்க. 2012-ல சாவியோ மெதைரா போனதுக்கு அப்புறம் 13 வருசம் கழிச்சு ஒரு இந்தியர்.

உடனே ரசிகர்கள் ரெண்டு கட்சி. ‘நம்ம ஆள் வந்தாச்சு, இனிமே பாரு’ன்னு ஒரு கட்சி. ‘வெளிநாட்டுக்காரன் இல்லாம எவனும் உருப்பட மாட்டான்’னு இன்னொரு கட்சி.

ஆகஸ்ட் கடைசியில மத்திய ஆசிய நாடுகளோட போட்டியில தஜிகிஸ்தானை அவங்க மண்ணுலயே 2-1 ஜெயிச்சோம். ஓமனை பெனால்டியில வீழ்த்தி மூணாம் இடம். முதல் கட்சி ஆட்டம் போட்டுது. அக்டோபர்ல சிங்கப்பூரோட அங்க 1-1, இங்க மட்கானில 1-2. 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போச்சு. நவம்பர்ல டாக்காவுல பங்களாதேஷ்கிட்ட 0-1. இப்ப ரெண்டாவது கட்சி ஆட்டம் போடுது. ஆகஸ்ட்ல மாலை போட்ட அதே கைதான் நவம்பர்ல கல்லையும் எடுத்துச்சு.

எங்க பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு பட்டம். எந்தப் பட்டமானாலும் கடைசியில அறுப்பு மெஷின் வரும். மெஷின் ஓட்டுறவர் கெட்டிக்காரரா இருந்தா மணி உதிராது, சேத்துல சிக்காது, ரெண்டு மூட்டை கூடவே கிடைக்கும். அதுக்காக நாத்தே விடாத கழனியில அவரை இறக்கி, எங்கப்பா நெல்லுன்னு கேட்டா சிரிப்பார். நாட்டு அணி கோச்சு அந்த மெஷின் டிரைவர்தான். வருசத்துல சில வாரம் மட்டும் அவர் கையில ஆட்டக்காரங்க இருப்பாங்க. அதுலயும் அந்த மத்திய ஆசியப் போட்டிக்கு மோகன் பகான் தன் ஆட்டக்காரங்களை விடவே இல்ல. வெளைய வைக்கிற வேலை கிளப்புல, லீக்ல, ஸ்கூல்ல, தெருமுனை மைதானத்துல நடக்கணும்.

‘அப்போ கோச்சுக்கு மதிப்பே இல்லையா?’ன்னு கேட்டா, இருக்கு. இதே ஜமீல்தான் 2016-17-ல மிசோரத்துல இருந்து வந்த சின்னக் கிளப் ஐஸ்வாலை ஐ-லீக் சாம்பியன் ஆக்கினார். முந்தின வருசம் கீழ இறங்கி, மறுபடி உள்ள சேர்க்கப்பட்ட அணி அது. ஆனா அங்க சீசன் முழுக்க பசங்க அவர் கண்ணு முன்னாடி இருந்தாங்க. விதைக்கிறதுலேர்ந்து அறுக்கிற வரைக்கும் அவரே பாத்தார். அதே மனுசன்கிட்ட இப்ப கட்டி முடிச்ச கதிரைக் கேக்குறீங்க.

நாத்தங்கால் எந்த லட்சணத்துல இருக்குன்னு பாருங்க. ஜூலையில இந்தியன் சூப்பர் லீக்கையே நிறுத்தி வெச்சாங்க. ஆகஸ்ட்ல, ஜமீலுக்கு மாலை விழுந்த அதே வாரத்துல, ரெண்டு தடவை சாம்பியன் ஆன நம்ம சென்னையின் எஃப்சி அணி வேலையை நிறுத்தி வெக்கிறதா அறிவிச்சுது. நவம்பர்ல லீக் உரிமைக்கு டெண்டர் விட்டா கேக்க ஒரு ஆள் வரல. 2025 டிசம்பர் வரைக்கும் லீக் பந்து உருளல. இதுக்கு வந்த கோவம் கோச்சு நியமனத்துக்கு வந்த கோவத்துல கால்வாசி இருக்குமா? 2018-19-ல ஐ-லீக் ஜெயிச்ச சென்னை சிட்டி எஃப்சி இப்ப எங்கன்னு எத்தனை பேர் கேட்டீங்க?

இன்னும் கீழ இறங்கி வாங்க, வடசென்னைக்கு.

மெரினாவுல நீங்க காத்து வாங்குறீங்களே, அந்த மணல் எப்படி அவ்ளோ அகலமாச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? வருசத்துல பெரும்பகுதி கடல் தெக்குலேர்ந்து வடக்கால மணலைக் கொண்டு போகும். 19-ம் நூற்றாண்டு கடைசியில துறைமுகச் சுவர் எழும்பினதும் மணல் தெக்குப் பக்கம் தேங்கி மெரினா பெருத்துப் போச்சு. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையைக் கடல் அரிச்சுது. கரையைக் காப்பாத்தக் கருங்கல்லைக் கொட்டினாங்க. மீனவப் பிள்ளைங்க வெறுங்கால்ல பந்தாட வேண்டிய மணல்ல தெக்கத்தி ஆளுங்க நடை போறாங்க. கோச்சு எந்த நாட்டுக்காரரா இருந்தாலும் கருங்கல்லு மேல பந்து ஆட முடியாது. உள்பக்கம் வந்தா கன்டெய்னர் லாரி வரிசை, அனல்மின் நிலையச் சாம்பல்.

அப்படியும் அந்த மண்ணு ஆள் கொடுத்துச்சு. வியாசர்பாடியிலேர்ந்து தன்பால் கணேஷ் கிளம்பி இந்தியாவுக்கு ஆடினார், 2017-18-ல கோப்பை தூக்கின சென்னையின் அணியிலயும் இருந்தார். அந்தக் காலத்துல ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கின்னு அணிங்க இருந்துச்சு. நல்லா ஆடினா மாசச் சம்பள வேலை, அந்த வேலையில குடும்பம் ஒண்ணு கரையேறும். பந்தாடுற பையனை அப்பன் அடிக்காம இருந்ததுக்கு அது ஒரு காரணம். இன்னிக்கு என் அக்கா பையன் இடதுகால்ல அடிச்சா பந்து வளைஞ்சு போகும். வயசு 20, யார்டுல ஒப்பந்தக் கூலி, 12 மணி நேர ஷிஃப்ட். ஞாயித்துக்கிழமை ஆடுவான், அதுவும் ஷிஃப்ட் இல்லாத ஞாயிறா இருந்தா. அவனைப் பொறுத்தவரை ஸ்டிமாச்சும் ஒண்ணுதான், ஜமீலும் ஒண்ணுதான்.

பாஸ்போர்ட்டுலதான் விஷயம் இருக்குன்னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டு கணக்கு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கினப்ப கோச்சு ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். 2025 ஜூலை 5-ம் தேதி நம்ம பொண்ணுங்க தாய்லாந்தை அவங்க ஊர்லயே 2-1 ஜெயிச்சு, தகுதிச் சுற்று வழியா முதல் தடவையா ஆசியக் கோப்பைக்குப் போனாங்க. அவங்க கோச்சு கிரிஸ்பின் சேத்ரி, இந்தியர். அதே நாலு மாசத்துல ஆம்பள அணியும் இந்தியர் கையில இருந்தே வெளியேறிச்சு. ஆக, கோச்சோட ஊரு முடிவை எழுதுறது இல்ல. இந்தப் பேர்கள்ல உங்க சண்டையில எது அடிபட்டுதுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

கால்பந்து ஒலிம்பிக்ல இந்தியா கடைசியா போட்ட கோல் 1960 ரோம்ல, பெரு நாட்டுக்கு எதிரா. அந்த அணியில இருந்த சைமன் சுந்தர்ராஜ், தமிழ்நாட்டுக்காரர். அறுபது வருசத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள எத்தனை கோச்சு வந்து போயிட்டாங்க!

ஜமீலும் ஒரு நாள் போவார். அடுத்தவர் பேரு வரும், திரும்ப ரெண்டு கட்சி கிளம்பும். அப்ப சம்மேளனத்தைப் பாத்து, ‘லீக் எந்தத் தேதியில தொடங்கும், எத்தனை ஆட்டம்?’னு கேளுங்க. மாநகராட்சியைப் பாத்து, ‘எங்க வார்டுல பூட்டாத மைதானம் எத்தனை?’ன்னு கேளுங்க. துறைமுகத்தையும் தொழிற்சாலைங்களையும் பாத்து, ‘உங்க புகையைத் திங்குற பசங்கள்ல எத்தனை பேருக்கு விளையாட்டுல வேலை கொடுத்தீங்க?’ன்னு கேளுங்க. ஒரு தடவையாவது சென்னை லீக் ஆட்டத்துக்கு நேர்ல போய் கை தட்டிட்டு வாங்க. இது எதையும் செய்யாம கோச்சை மாத்து, கோச்சை மாத்துன்னு கத்துறவங்களுக்கு எங்க ஊர்ல ஒரே பேருதான்: வரப்பு மேல நின்னு விவசாயம் பண்றவங்க.