இளைத்தவர் மீண்டும் பருத்தால் பழி யாருக்கு?



“மூன்று மாதத்தில் பத்துக் கிலோ இளைத்தான், வாயைக் கட்ட முடியவில்லை, பழையபடி பருத்துவிட்டான்!” அம்பாங் உணவகங்களில் தே தாரிக் அருந்தியவாறே நம்மவர்கள் எளிதாக வழங்கும் தீர்ப்பு இது. இத்தீர்ப்பு அநியாயமானது என்பதே என் கருத்து.

நாம் உறங்கும்போதும் இதயம், மூளை, கல்லீரல் ஆகியவை ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டே இருக்கின்றன. உடல் இளைத்தால் இச்செலவும் குறையும்; சிறிய வீட்டிற்கு மின்கட்டணம் குறைவுதானே! ஆனால் உடல் அத்தோடு நிற்பதில்லை. இளைத்த அளவையும் தாண்டிச் செலவைச் சுருக்குகிறது. கொழுப்பு உயிரணுக்கள் சுரக்கும் லெப்டின் குறைவதால் பசி பெருகுகிறது. தைராய்டு சுரப்பியின் வேகமும் தணிகிறது. பஞ்சம் வந்துவிட்டதாகவே உடல் எண்ணிக்கொள்கிறது.

இது வெறும் ஊகமன்று. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார் 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் அரைவயிற்று உணவளித்து ஆராய்ந்தார். அவர்களின் எடை ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது; ஓய்வுநிலை ஆற்றல் செலவோ ஏறக்குறைய 40 விழுக்காடு சரிந்தது.

‘தி பிக்கெஸ்ட் லூசர்’ தொலைக்காட்சிப் போட்டியில் விரைந்து இளைத்த 14 பேரை ஆறாண்டுகள் கழித்து ஆராய்ந்த முடிவுகள் 2016இல் வெளிவந்தன. இழந்த எடையில் பெரும்பகுதி அவர்களுக்குத் திரும்பியிருந்தது. அப்போதும் அவர்கள் உடல், எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவிட்டது. கடும் பயிற்சியால் மிகையாக இளைத்தவர்கள் அவர்கள். எல்லாருக்கும் இவ்வளவு நேர்வதில்லை. எனினும் மனவுறுதி மட்டுமே காரணமன்று என்பது தெளிவு.

2019இல் மலேசியப் பெரியவர்களுள் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். 2023இல் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. இந்நிலையில் “ஒரே மாதத்தில் பத்துக் கிலோ” என்னும் விளம்பரங்களை நம்புவது அறிவுடைமையா? மெல்ல இளைப்பதே நன்று. தசை கரையாதிருக்கப் பருப்பு, முட்டை, மீன் போன்ற புரத உணவும் தசைவலுப் பயிற்சியும் வேண்டும். எடை குறைந்த பின்னரும் பழைய அளவுக்கே உண்ண இயலாது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செகாக் சோதனைக்காக மாணவர்களின் எடையை அளக்கும்போது, எண்ணை வகுப்பறிய உரக்கப் படிக்காதீர்கள். வளரும் பிள்ளைக்குப் பட்டினி மருந்தாகாது. கேலி அறவே ஆகாது. இனிப்புப் பானத்தைக் குறைத்து, திடலில் ஓடியாட நேரம் கொடுப்போம்.

உடலின் இயல்பை ஒழுக்கக்கேடு என்று பழிப்பதை இன்றோடு நிறுத்துவோமா? சிந்திப்போம்.