தங்கப் பையனுக்கு ஏன் இந்தச் சோதனை?

ஒரு சிறுவன். வயது 9. லிஸ்பன் நகரில், ஏழைகள் வாழும் முஸ்கெய்ரா என்ற பகுதியில் பந்து விளையாடிக் கொண்டு இருந்தான்.

லிஸ்பன், போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகரம். அங்கே பெரிய கால்பந்து கிளப் ஒன்று உண்டு. அதன் பெயர் பென்பிகா. அந்தக் கிளப், சிறுவனின் திறமையைக் கண்டு தன்னிடம் சேர்த்துக் கொண்டது.

அதுவரை அவனைப் பழக்கிய சிறிய கிளப்புக்கு பென்பிகா என்ன கொடுத்தது, தெரியுமா?

750 யூரோ பணம், 25 பந்துகள்! பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதிய கணக்கு இது. (யூரோ என்பது ஐரோப்பாவில் வழங்கும் நாணயம்.)

இது நடந்தது 2006-ல். பத்து ஆண்டுகள் ஓடின. அதே பையனை ஜெர்மனி நாட்டுக் கிளப் ஒன்று விலைக்கு வாங்கியது. கொடுத்த விலை 3½ கோடி யூரோ! ரூபாய்க் கணக்கில் 250 கோடிக்கு மேல்!

அந்தப் பையனின் பெயர் ரெனட்டோ சான்செஸ்.

விலை ஏறியது. ஆனால் ஆட்டம் இறங்கியது. ஏன் இப்படி ஆயிற்று? பிள்ளைகளை வளர்க்கும் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

நடுவில் நிற்பவர்

கால்பந்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். முன்னால் நிற்பவர்கள் கோல் போடுவார்கள். பின்னால் நிற்பவர்கள் கோல் விழாமல் காப்பார்கள். இவர்களுக்கு நடுவே நிற்பவர்தான் நடுக்கள வீரர்.

அவருக்கு இரண்டு வேலை. எதிரியிடம் இருந்து பந்தைப் பறிக்க வேண்டும். பறித்த பந்தை, தம் ஆட்களுக்கு நல்ல இடத்தில் கொடுக்க வேண்டும். ஆட்டம் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

சான்செஸ் நடுக்கள வீரர். 1997 ஆகஸ்டு 18-ந் தேதி பிறந்தவர். தந்தை, சாவோ தொமே என்ற ஆப்பிரிக்கத் தீவைச் சேர்ந்தவர். தாய், கேப் வெர்டே தீவுகளைச் சேர்ந்தவர். இரண்டுமே ஒரு காலத்தில் போர்ச்சுக்கல் ஆட்சியில் இருந்த தீவுகள்.

சான்செஸ் பந்தோடு ஓடினால், தடுப்பது கடினம். காளை போலப் பாய்வார். இரண்டு மூன்று பேர் மோதினாலும் விழமாட்டார்.

ஆறே மாதம்!

2015 அக்டோபர் 30-ந் தேதி. பென்பிகாவின் பெரிய அணியில் சான்செஸ் முதன் முதலாகக் களம் இறங்கினார். அப்போது வயது 18.

டிசம்பர் 4-ந் தேதி அவர் போட்ட முதல் கோலை, பார்த்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. சுமார் 30 மீட்டர் தூரத்தில் இருந்து ஓங்கி உதைத்தார். பந்து வலைக்குள் போய் விழுந்தது!

அந்த ஆண்டு பென்பிகா, போர்ச்சுக்கல் லீக் பட்டத்தை வென்றது. எதிரியான ஸ்போர்ட்டிங் கிளப்பை விட 2 புள்ளிதான் அதிகம். அந்த வெற்றியில் சான்செசுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் லீக் முடியும் முன்பே, 2016 மே 10-ந் தேதி, விற்பனை முடிந்து விட்டது. வாங்கியது ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப். 3½ கோடி யூரோ உறுதி. நன்றாக விளையாடினால், மேற்கொண்டு 4½ கோடி வரை கொடுப்பதாகவும் ஒப்பந்தம்.

முதல் ஆட்டத்துக்கும் விற்பனைக்கும் இடையே எவ்வளவு காலம்? ஆறு மாதமும் சில நாட்களும்! அதற்குள் பையனுக்கு விலைச் சீட்டுத் தொங்கியது.

ஐரோப்பாவின் கோப்பை

அந்தக் கோடைக்காலத்தில் பிரான்சு நாட்டில் ஐரோப்பிய கோப்பைப் போட்டி நடந்தது. போர்ச்சுக்கல் நாட்டு அணியில் சான்செசும் இடம் பெற்றார்.

கால் இறுதி ஆட்டம். எதிரி போலந்து. தொடங்கிய இரண்டாவது நிமிடமே போலந்து கோல் போட்டது. 33-வது நிமிடத்தில் அதைச் சமன் செய்தவர் யார்? 18 வயது சான்செஸ்!

ஆட்டம் பெனால்டி உதைகளுக்குப் போனது. பெரியவர்களே கால் நடுங்கும் நேரம் அது. போர்ச்சுக்கலுக்காக முதலில் உதைத்தவர் ரொனால்டோ. இரண்டாவது உதைத்தவர் சான்செஸ். கோல்! போர்ச்சுக்கல் வென்றது.

ஜூலை 10-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரி பிரான்சு. அன்று சான்செசுக்கு வயது 18 ஆண்டு, 327 நாள். அதுவரை அவ்வளவு இளம் வயதில் ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் ஆடியவர் எவரும் இல்லை.

79-வது நிமிடத்தில் அவருக்குப் பதிலாக எடர் என்பவர் வந்தார். 109-வது நிமிடத்தில் எடர் போட்ட கோலால் கோப்பை போர்ச்சுக்கலுக்குக் கிடைத்தது. அந்த நாடு வென்ற முதல் பெரிய கோப்பை அது!

போட்டியின் சிறந்த இளம் வீரர் என்ற பரிசு சான்செசுக்கு. அதே ஆண்டில் ஐரோப்பாவின் "தங்கப் பையன்" என்ற விருதும் அவருக்கே.

புகழ் வந்ததும் பொறாமையும் வந்தது. அவர் பிறப்பைத் தாமதமாகப் பதிவு செய்து இருந்தார்கள். "இவனுக்கு 18 இல்லை; 23, 24 இருக்கும்" என்று சிலர் கிளப்பி விட்டார்கள். அந்தப் பழியையும் பையன் தாங்கினார்.

பெஞ்சில் தங்கம்

பிறகு ஜெர்மனிக்குப் போனார். புது நாடு. புது மொழி. புது ஆட்ட முறை.

பென்பிகாவில் அவர் இஷ்டம் போல ஓடலாம். பந்தை இழந்தாலும், மீண்டும் ஓடிப் பறிப்பார். பேயர்ன் அப்படி அல்ல. அங்கே பந்தை இழக்கவே கூடாது. சிறு சிறு உதைகளாகக் கைமாற்றிக் கொண்டே போக வேண்டும்.

அந்த அணியின் நடுக்களத்தில் ஏற்கனவே இருந்தவர்கள் யார்? விடால், தியாகோ, உலகக் கோப்பை வென்ற அலோன்சோ. மூவரும் பெரிய பெயர்கள். இவர்களைத் தாண்டி 19 வயதுப் பையனுக்கு இடம் எப்படிக் கிடைக்கும்?

முதல் ஆண்டில் லீக்கில் 17 ஆட்டங்களில் தலை காட்டினார். பெரும்பாலும் மாற்று ஆளாகத்தான். ஒரு கோல் கூட இல்லை. பேயர்ன் பட்டம் வென்றது. சான்செசுக்குப் பதக்கம் கிடைத்தது. ஆட்டம் கிடைக்கவில்லை!

முன்களத்தில் நிற்பவருக்குக் கடைசி 10 நிமிடம் போதும். ஒரு கோல் போட்டால் பெயர் வாங்கி விடலாம். நடுக்கள வீரருக்கு அது முடியாது. கூட ஆடுபவர் எங்கே ஓடுவார், எப்போது திரும்புவார் என்பது பழகப் பழகத்தான் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கற்க முடியுமா?

2017-ல் இங்கிலாந்தின் சுவான்சி கிளப்புக்கு அவரை இரவல் கொடுத்தார்கள். அது தோல்வி மேல் தோல்வி கண்ட அணி. செல்சி அணியோடு ஆடிய ஆட்டத்தில், சான்செஸ் பந்தை உதைத்தார். அங்கே தம் ஆள் இல்லை. இருந்தது ஒரு விளம்பரப் பலகை!

உலகமே சிரித்தது. ஆனால் அது சிரிக்க வேண்டிய காட்சியா? ஓராண்டுக்கு முன் ஐரோப்பாவின் கோப்பையை ஏந்திய பையன், ஆளுக்கும் பலகைக்கும் வேறுபாடு தெரியாமல் தடுமாறினான் என்றால், அவன் மனம் எப்படிக் கலங்கி இருக்க வேண்டும்!

பழைய ஊரின் கைதட்டல்

2018 செப்டம்பர் 19-ந் தேதி பேயர்ன் அணி லிஸ்பனுக்கு வந்தது. எதிரி பென்பிகா. பேயர்ன் அணியில் சான்செஸ்.

54-வது நிமிடத்தில் சான்செஸ் கோல் போட்டார். பேயர்ன் அணிக்காக அவர் போட்ட முதல் கோல் அது. அவர் துள்ளிக் குதிக்கவில்லை. வளர்த்த கிளப்புக்கு எதிராகப் போட்ட கோல் அல்லவா!

அப்போது பென்பிகா ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ஏசினார்களா? இல்லை. கைதட்டினார்கள்! தங்களைத் தோற்கடித்த பையனுக்குத் தாய் வீட்டு வாழ்த்து!

ஆனால் அதன் பிறகும் பெஞ்சுதான். 2019-ல் அவர் மனம் வெதும்பி, தமக்கு விடுதலை வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். பிரான்சின் லில் கிளப் அவரை வாங்கியது. அங்கே ஆடும் வாய்ப்புக் கிடைத்தது. விளைவு? 2021-ல் லில் அணி, பணக்காரப் பாரிஸ் அணியை ஒரே புள்ளியில் முந்தி, பிரான்சின் பட்டத்தை வென்றது!

திறமை எங்கும் போய்விடவில்லை. களம்தான் இல்லாமல் இருந்தது.

இன்னொரு பையன்

விட்டினா என்பவரும் போர்ச்சுக்கல் நாட்டு நடுக்கள வீரரே. 2000-ல் பிறந்தவர். போர்ட்டோ கிளப்பில் வளர்ந்தவர்.

அவரையும் 20 வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஆனால் விற்கவில்லை, உல்வர்ஹாம்ப்டன் கிளப்புக்கு இரவல்தான் கொடுத்தார்கள். அங்கே அவரும் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். ஓராண்டு முடிந்ததும், "எங்களுக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பி விட்டார்கள்.

விட்டினா போர்ட்டோவுக்குத் திரும்பினார். வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அங்கே நிறைய ஆடினார். அடுத்த ஆண்டே போர்ட்டோ, நாட்டின் லீக் பட்டம், கோப்பை இரண்டையும் வென்றது.

2022-ல் பாரிஸ் செயிண்ட் ஜெர்மேன் கிளப் விட்டினாவை வாங்கியது. அதே கோடையில் சான்செசையும் வாங்கியது! இருவரும் ஒரே கிளப்பில்.

விட்டினா ஏறிக்கொண்டே போனார். 2025-ல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை வென்றார். அதே ஆண்டு, உலகின் சிறந்த வீரருக்கான பலூன் டோர் விருதில் மூன்றாவது இடம் பெற்றார்.

சான்செசுக்கோ, காயம் மேல் காயம். ரோமாவுக்கு இரவல். பிறகு பென்பிகாவுக்கே இரவல். 2025-ல் கிரீஸ் நாட்டுக் கிளப்புக்கு இரவல்.

காயத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. உடம்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவது இல்லை. ஆனால் 18 வயது முதல் 22 வயது வரை வீணான காலத்துக்குப் பெரியவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பெரியவர்கள் கணக்கு

"ஏழை வீட்டுப் பையன். பணம் வந்தால் வேண்டாம் என்பதா? நாளைக்கே கால் முறிந்தால் யார் சோறு போடுவார்கள்?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். பணம் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? பையன் போனது தவறு அல்ல. போன இடத்தில் உட்கார வைத்ததுதான் தவறு.

விலைக்கு வாங்கிய பிறகும், ஓராண்டு பழைய கிளப்பிலேயே ஆட விடலாம். கால்பந்து உலகில் அந்த வழக்கம் உண்டு. சம்பளமும் கிடைக்கும், ஆட்டமும் முதிரும். அப்படிச் செய்து இருந்தால் யாருக்கு நஷ்டம்?

விற்றவர்களுக்கு அவசரம். வாங்கியவர்களுக்கு, வேறு கிளப் கொண்டு போய்விடுமோ என்ற பயம். இரண்டு அவசரங்களுக்கு நடுவே பையனின் காலம் போயிற்று. பதறிய காரியம் சிதறும் என்பது பொய்யா?

விளையும் பயிர் முளையிலே தெரியும். உண்மைதான். ஆனால் முளையைக் கண்டதும் அறுவடைக்குக் கிளம்பலாமா?

சிறு வயதில் பெயர் வாங்கும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. விளையாட்டில் மட்டும் அல்ல. பாட்டிலும், படிப்பிலும் உண்டு. "எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்கும் முன், பெற்றோர் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: "போகும் இடத்தில் பிள்ளைக்கு வேலை கொடுப்பார்களா? சரிப்படாவிட்டால் திரும்பி வர வழி உண்டா?"

முஸ்கெய்ராவின் அந்தச் சின்னக் கிளப்புக்குக் கிடைத்தது 25 பந்து. அந்தப் பந்துகளை உதைத்து எத்தனையோ பிள்ளைகள் விளையாடி இருப்பார்கள்.

3½ கோடி யூரோ கொடுத்து வாங்கிய பையனை மட்டும் விளையாட விடவில்லை!