படுக்கை என்னும் ஆகுபெயர்

புனேவில் போபோடியையும் தாபோடியையும் முளா ஆற்றின் மேல் ஹாரிஸ் பாலம் இணைக்கிறது. இந்தக் கரை புனே மாநகராட்சி, அந்தக் கரை பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி. 2021 ஏப்ரலில் இரு கரையிலும் ஒரே கேள்விதான் ஒலித்தது: "படுக்கை கிடைக்குமா?" என் சித்தப்பாவுக்காக நானும் இரண்டு நாள் அதே கேள்வியைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். படுக்கை நிலவரம் காட்டும் இணையப் பக்கத்தை விடிய விடியப் பார்த்திருந்தேன். மூன்றாம் நாள் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் அழுதோம், நிம்மதியில்.

சித்தப்பா பிழைத்து வந்து பல வாரங்கள் கழித்து ஓர் இரவைப் பற்றிச் சொன்னார். அந்தக் கூடத்தில் பதினான்கு நோயாளிகள், இரண்டு செவிலியர். நள்ளிரவில் பக்கத்துப் படுக்கைக்காரரின் ஆக்சிஜன் முகக்கவசம் நழுவியது. சித்தப்பா அதைப் பார்த்தார். கூப்பிடக் குரல் இல்லை, கையை உயர்த்த வலு இல்லை. செவிலியர் இருவரும் கூடத்தின் மறுகோடியில் இன்னொருவரின் உயிரோடு போராடிக்கொண்டிருந்தார்கள். விடிந்தபோது பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. இணையப் பக்கத்தில் அது "காலி: 1" என்று தோன்றியிருக்கும். என்னைப் போல் யாரோ ஒருவர் அதைப் பார்த்து மகிழ்ந்திருப்பார்.

நான் மருத்துவம் படித்தவன் அல்லன், மொழியியல் படித்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து பேசுகிறேன். "ஊர் திரண்டது" என்கிறோம். அங்கே ஊர் என்பது மண்ணையோ வீடுகளையோ குறிக்கவில்லை, அதில் வாழும் மனிதர்களைக் குறிக்கிறது. இடத்தின் பெயர் மனிதர்க்கு ஆகி வருவதால் அது இடவாகுபெயர். தொல்காப்பியர் காலம் தொட்டு நம் இலக்கணம் அறிந்த செய்தி இது. "ஊர் திரண்டது" என்று கேட்கும் எவரும் மனிதர்களை மறப்பதில்லை.

"தீவிர சிகிச்சைப் படுக்கை" என்பதும் ஆகுபெயரே. மருத்துவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது கட்டிலைச் சொல்வதில்லை. ஆக்சிஜன் குழாய், செயற்கை சுவாசக் கருவி, மருந்து, ஆய்வகம், இவை அனைத்துக்கும் மேலாக இரவும் பகலும் அந்த நோயாளியை விட்டு விலகாத பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் என்று பொருள்படவே சொல்கிறார். அதே சொல் அமைச்சரின் அறிக்கைக்கும் செய்தித்தாளின் தலைப்புக்கும் வந்து சேரும்போது மனிதர் கழன்று விழுகிறார். கட்டில் மட்டும் எஞ்சுகிறது. கட்டிலை எண்ணுவது எளிது, அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வது அதனினும் எளிது.

கணக்கைப் பாருங்கள். செயற்கை சுவாசக் கருவியில் இருக்கும் நோயாளி ஒருவருக்குச் செவிலியர் ஒருவர் என்பதே நம் நாட்டுத் தீவிர சிகிச்சை வல்லுநர்களும் பரிந்துரைக்கும் அளவு. ஒரு நாளுக்கு மூன்று ஷிஃப்டுகள். அப்படியானால் ஒரு படுக்கைக்கு மூன்று செவிலியர். விடுப்பும் நோயும் கருதினால் அதற்கும் மேல். பத்துப் படுக்கைகள் என்று அறிவிப்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட செவிலியரை அறிவித்திருக்க வேண்டும். அப்படி ஓர் அறிவிப்பை நீங்கள் எப்போதாவது படித்ததுண்டா?

"செவிலியர் முக்கியம்தான், ஆனால் உயிர் காப்பது மருந்தல்லவா?" என்று கேட்பார்கள். 2021இல் நாடே அப்படித்தான் நம்பியது. சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் வாங்க இரவு முழுதும் மக்கள் வரிசையில் நின்றார்கள். நகை விற்றுக் கள்ளச்சந்தையில் வாங்கியவர்கள் நம் தெருவிலேயே உண்டு. கருவியின் துணையால் மூச்சு விடும் நோயாளியின் உயிரை அம்மருந்து காக்கும் என்பதற்குச் சான்று அன்றும் இல்லை, இன்றும் இல்லை. குணமடைந்தவர்களின் பிளாஸ்மாவுக்காகச் சமூக ஊடகங்களில் நாம் கெஞ்சிக்கொண்டிருந்தோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு, பிளாஸ்மா இறப்பைக் குறைக்கவில்லை என்று 2020லேயே காட்டிவிட்டது. ஆயினும் தேசிய சிகிச்சை நெறியிலிருந்து அது நீக்கப்பட 2021 மே வரை ஆயிற்று.

உயிர் காத்தவை எவை? டெக்சாமெத்தசோன் என்னும் பழைய, மலிவான ஸ்டீராய்டு. நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். 2020 ஜூலையில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு வெளியிட்ட முடிவின்படி, கருவியில் இருந்தோரின் 28 நாள் இறப்பு அதனால் 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதோர்க்கு அது பயன் தரவில்லை. எனவே யாருக்கு, எப்போது என்று நோயாளியின் அருகிலிருந்து கவனித்து முடிவெடுக்கும் ஆள் வேண்டும்.

இன்னொன்று, நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது. கடுமையான நுரையீரல் செயலிழப்பில் நாளுக்கு 16 மணி நேரமாவது அவ்வாறு வைத்தால் 28 நாள் இறப்பு 32.8 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைகிறது என 2013இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு காட்டியது. இதற்கு மருந்துச் செலவு இல்லை. ஆனால் தொண்டையில் குழாயும் உடலெங்கும் ஊசிகளும் உள்ள, நினைவிழந்த ஒருவரைப் பாதுகாப்பாகத் திருப்ப நான்கைந்து பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று குழாயை மட்டுமே பிடித்திருக்க வேண்டும். பதினான்கு பேருக்கு இருவர் இருக்கும் கூடத்தில் யார் யாரைத் திருப்புவது?

வைரஸ் நுரையீரலைத் தாக்கி உயிருக்குப் போராடும் நிலைக்குக் கொண்டுசென்ற பின், நுரையீரல் தானே ஆறும் வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி. அந்தத் தாங்குதல் நிமிடத்துக்கு நிமிடம் நடக்கும் மனித உழைப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே இப்படித்தான் பிறந்தது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்தோரை வைக்க அங்கிருந்த மருத்துவமனையில் இரும்புச் சுவாசப் பெட்டி ஒன்றே இருந்தது. பியோன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் துளையிட்டு, குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி மூச்சூட்டும் வழியைக் காட்டினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, மாதக்கணக்கில், இரவும் பகலும் அந்தப் பைகளை அழுத்தினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த மருத்துவமனையில் அன்று பெருகியது கைகளே.

அதே 1952இல்தான் புனேவில் வைரஸ் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசிய வைராலஜி நிறுவனம். உலகுக்குத் தடுப்பூசி அனுப்பும் சீரம் நிறுவனமும் இதே நகரில் உள்ளது. வைரஸைப் பற்றிய அறிவு இவ்வளவு குவிந்த ஊர் இந்தியாவில் வேறில்லை. ஆனால் இந்தியாவின் முதல் பன்றிக்காய்ச்சல் மரணம், பதினான்கு வயதுப் பள்ளிச் சிறுமியின் மரணம், 2009 ஆகஸ்ட் 3 அன்று இதே ஊரில்தான் நிகழ்ந்தது. பதினோர் ஆண்டுகள் கழித்து, சிவாஜிநகரில் பொறியியல் கல்லூரி மைதானத்தில் சில வாரங்களில் 800 படுக்கை "ஜம்போ" மருத்துவமனை எழுந்தது. திறந்த சில நாள்களிலேயே அங்கே ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் இறந்தார். அவரை வேறு மருத்துவமனைக்கு மாற்ற, கருவியுள்ள ஆம்புலன்ஸ் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்று சக செய்தியாளர்கள் கொதித்தனர். ஆள் பற்றாக்குறை, நிர்வாகக் குறை என்ற புகார்களுக்குப் பின் அதை நடத்திய நிறுவனத்தின் ஒப்பந்தம் ரத்தானது. 800 என்ற எண் மட்டும் முதல் நாளிலிருந்தே சரியாக இருந்தது.

மராட்டியத்தை மட்டும் பழித்துவிட்டு நாம் நழுவ முடியாது. 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குத் தமிழ்நாட்டிலும் கைதட்டினோம். தொற்றுக் காலத்தில் அங்கே ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடித்துவைக்கப்பட்டது. அவர்கள் சாலையில் அமர்ந்து போராடியபோது யாரும் கைதட்டவில்லை. வேறு திட்டங்களில் பணி தருவதாக அரசு சொன்னது உண்மை. ஆனால் இரண்டரை ஆண்டு பெருந்தொற்றில் பழகிய கையை வார்டிலிருந்து எடுத்துவிட்டு, வார்டில் எதைத் தயார்நிலை என்கிறோம்?

"நிதி இல்லை" என்பது அடுத்த விடை. கருவி வாங்க நிதி வந்ததே! கருவி ஒருமுறைச் செலவு, திறப்புவிழாவுக்கு உதவும். செவிலியர் மாதந்தோறும் சம்பளம், ஓய்வூதியம், விடுப்பு கேட்கும் மனிதர். அவருக்கு ரிப்பன் வெட்ட முடியாது. தடை நிதி என்றால் இரண்டுக்குமே அல்லவா தடை இருந்திருக்க வேண்டும்?

கட்டில் வேண்டாம், கருவி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். அவை இன்றி வெறுங்கையால் ஒன்றும் ஆகாது. என் கோரிக்கை சிறியது. புதிய காய்ச்சல் பரவும்போதெல்லாம் "இத்தனை படுக்கைகள் தயார்" என்று அறிக்கை வரும். அடுத்த முறை வரும்போது அதன் கீழே மூன்று கேள்விகளை எழுதுங்கள். இரவு ஷிஃப்டில் எத்தனை செவிலியர்? அவர்களில் நிரந்தரப் பணியில் இருப்பவர் எத்தனை பேர்? சுவாசக் கருவியைக் கையாளப் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர்? விடை வராவிட்டால் அங்கே இருப்பது கட்டில் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சித்தப்பாவிடம் இன்றும் உறவினர்கள் எந்த மருந்தால் பிழைத்தாய் என்று கேட்கிறார்கள். அவருக்கு மருந்தின் பெயர் எதுவும் நினைவில்லை. விடியற்காலையில் தன்னைக் குப்புறத் திருப்பி, தலையணையைச் சரிசெய்து, முகக்கவசத்தை இறுக்கிய ஒரு கை நினைவிருக்கிறது. பாதுகாப்பு உடைக்குள் இருந்ததால் அந்தச் செவிலியரின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அவர் இன்று பணியில் இருக்கிறாரா, ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருக்கிறாரா என்பதும் எங்களுக்குத் தெரியாது.